அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் காற்பந்தணிகளின் பயிற்றுநர் குழுவும் இன இணைப்பும் (1954–1972): அலெக்சாந்திரியா டி.சி. வில்லியம்ஸ் பள்ளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இனப் பிரிவினை முடிவுக்கு வந்து பள்ளிகள் இணைக்கப்பட்டபோது, வெள்ளையின மாணவரும் கறுப்பின மாணவரும் ஒரே விளையாட்டணியில் இடம்பெற்றனர். அந்த அணிகளைப் பயிற்றுவித்த ஆசிரியர்களின் நிலை வேறாக இருந்தது. இரண்டு பள்ளிகள் ஒன்றானபோது தலைமைப் பயிற்றுநர் பதவி ஒன்றே எஞ்சியது; பெரும்பாலான ஊர்களில் அது வெள்ளையினப் பயிற்றுநருக்கே சென்றது. வர்ஜீனிய மாநிலத்தின் அலெக்சாந்திரியா நகரில் 1971ஆம் ஆண்டு இதற்கு மாறான முடிவொன்று எடுக்கப்பட்டது. அம்முடிவின் பின்புலத்தையும், பணிமூப்பு என்னும் அளவுகோல் அங்கு எழுப்பிய வினாவையும், பின்னாளில் வந்த திரைப்படம் அவ்வரலாற்றை மாற்றிக் காட்டிய விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இனப் பிரிவினை, பள்ளி இணைப்பு, அமெரிக்கக் காற்பந்து, பயிற்றுநர் குழு, ஹெர்மன் பூன், பில் யோஸ்ட், டி.சி. வில்லியம்ஸ் பள்ளி

1. முன்னுரை

1954ஆம் ஆண்டு மே 17 அன்று, பிரவுன் எதிர் கல்வி வாரியம் என்னும் வழக்கில், அரசுப் பள்ளிகளில் மாணவரை இன அடிப்படையில் பிரித்து வைப்பது அரசமைப்புக்கு முரணானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மாணவரைப் பற்றியே பேசியது. பிரிக்கப்பட்ட பள்ளிகளில் பணியாற்றிய கறுப்பின ஆசிரியர், தலைமையாசிரியர், பயிற்றுநர் ஆகியோர் இணைப்புக்குப் பின் எங்கே நிற்பார்கள் என்னும் வினாவுக்கு அதில் விடையில்லை. விடை அடுத்த இருபதாண்டுகளில் ஊர்தோறும் பள்ளி வாரியங்களின் கூட்டங்களில் எழுதப்பட்டது.

பள்ளி இணைப்பின் வரலாறு பெரும்பாலும் மாணவர் சேர்க்கை, பேருந்துப் போக்குவரத்து, நீதிமன்ற ஆணைகள் ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. விளையாட்டுப் பயிற்றுநர் குழு இவ்வரலாற்றில் ஓரத்தில் நிற்கும் பொருளாகத் தோன்றலாம். ஆயினும் காற்பந்து ஊரின் பொதுவாழ்வில் நடுவிடம் பெற்றிருந்த தென்மாநிலங்களில், ஒருவர் நூற்றுக்கணக்கான இளைஞர்க்குக் கட்டளையிடும் இடமாக அப்பதவி இருந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையின மாணவர்க்கும் வெள்ளையின உதவியாளர்க்கும் தலைமை தாங்கலாமா என்பதே அப்பதவியில் மறைந்திருந்த வினா.

2. பயிற்றுநர் குழுவின் அமைப்பு

இங்கே காற்பந்து எனச் சுட்டப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் காற்பந்து. களத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை முன்னெடுத்துச் செல்லும் தாக்குதல் பிரிவும், எதிரணியைத் தடுக்கும் தற்காப்புப் பிரிவும் தனித்தனியே பயிற்சி பெறுகின்றன. ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டியே வகுக்கப்பட்டு மனப்பாடம் செய்யப்படுகிறது. இதனால் இவ்விளையாட்டில் பயிற்றுநரின் பங்கு மிகப் பெரியது. தலைமைப் பயிற்றுநரின் கீழ்த் தாக்குதலுக்கு ஒருவரும் தற்காப்புக்கு ஒருவரும், முன்வரிசை, பின்வரிசை ஆகியவற்றுக்குத் தனித்தனி உதவியாளரும் அமைவது வழக்கம்.

உயர்நிலைப் பள்ளியில் இவர்கள் அனைவரும் பொதுவாக ஆசிரியர்களே. உடற்கல்வியோ வரலாறோ கற்பித்துவிட்டு, மாலையில் பயிற்சியளிப்பர். ஆசிரியப் பணிக்கு ஓர் ஒப்பந்தமும் பயிற்றுநர் பணிக்குக் கூடுதல் ஊதியத்துடன் துணை ஒப்பந்தமும் இருக்கும். இந்த இரட்டை ஏற்பாடு பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது. ஆசிரியர் வேலைக்குப் பணிப் பாதுகாப்பு உண்டு. பயிற்றுநர் பதவிக்கு அது பெரும்பாலும் இல்லை. ஒருவரை ஆசிரியராக வைத்துக்கொண்டே தலைமைப் பயிற்றுநர் பதவியிலிருந்து இறக்கிவிட முடியும். வேலைநீக்கம் என்று பதிவேட்டில் எதுவும் இராது. ஆனால் அவருடைய அதிகாரமும் வருவாயின் ஒரு பகுதியும் ஊரில் அவருக்கிருந்த நிலையும் போய்விடும்.

3. பிரிவினைக் காலத்தில் கறுப்பினப் பயிற்றுநர்

பிரிவினைக் காலத்தில் கறுப்பினப் பள்ளிகள் தமக்கெனத் தனி விளையாட்டுச் சங்கங்களை அமைத்துக்கொண்டன. டெக்சாஸில் பிரேரி வியூ கல்லூரியை மையமாகக் கொண்ட சங்கம் 1920ஆம் ஆண்டு முதல் அரை நூற்றாண்டுக் காலம் இயங்கியது. அங்கே வெள்ளிக்கிழமை இரவு வெள்ளையினப் பள்ளிகளின் ஆட்டங்களுக்கு உரியதாக இருந்ததால், கறுப்பினப் பள்ளிகள் புதன், வியாழன் இரவுகளில் ஆடின. இதனைக் கொண்டே மைக்கேல் ஹர்டு அச்சங்கத்தைப் பற்றிய தம் நூலுக்கு வியாழன் இரவு விளக்குகள் எனப் பொருள்படும் தலைப்பிட்டார். வர்ஜீனியாவிலும் கறுப்பினப் பள்ளிகளுக்கான தனிச் சங்கமொன்று 1954ஆம் ஆண்டு முதல் 1969ஆம் ஆண்டு வரை இருந்தது.

இச்சங்கங்களின் பயிற்றுநர்கள் பெரும்பாலும் கறுப்பினக் கல்லூரிகளில் பயின்றவர்கள். வெள்ளையினப் பல்கலைக்கழகங்கள் தமக்குக் கதவடைத்திருந்த காலத்தில், அவர்கள் அக்கல்லூரிகள் வழியாகத் தமக்குள் ஒரு தொழில்நுட்ப மரபை வளர்த்துக்கொண்டனர். குறைந்த கருவிகளோடு பல விளையாட்டுகளை ஒருவரே பயிற்றுவிப்பதும் உண்டு. மாணவருக்குக் கல்லூரி உதவித்தொகை பெற்றுத் தருவதிலும் அவர்களுக்குப் பெரும்பங்கு இருந்தது.

அலெக்சாந்திரியாவின் கறுப்பினப் பள்ளியான பார்க்கர்-கிரே பள்ளி இதற்குத் தக்க சான்று. 1920ஆம் ஆண்டு தொடக்கப் பள்ளியாகத் தோன்றிய அதில் உயர்நிலை வகுப்புகள் 1930களில்தான் வந்தன. அதற்கு முன் அந்நகரின் கறுப்பின மாணவர் உயர்நிலைக் கல்விக்காக வாஷிங்டன் நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. அப்பள்ளியில் லூயிஸ் ஜான்சன் என்னும் பயிற்றுநரிடம் பயின்ற எர்ல் லாயிட், 1950ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆட்டத்தில் களமிறங்கிய முதல் கறுப்பின வீரரானார். இத்தகைய பள்ளியொன்று மூடப்படும்போது கட்டடத்தோடு இந்த மரபும் கலைகிறது. பார்க்கர்-கிரே 1965ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளியாக இயங்குவதை நிறுத்தியது.

4. தீர்ப்புகளும் பதவி இழப்பும்

பிரவுன் தீர்ப்பை வர்ஜீனியா கடுமையாக எதிர்த்தது. செனட்டர் ஹாரி பேர்டின் தலைமையில் 1956ஆம் ஆண்டு உருவான பெருந்திரள் எதிர்ப்புக் கொள்கையின் விளைவாக, 1958ஆம் ஆண்டு நார்ஃபோக், சார்லட்ஸ்வில், ஃபிரண்ட் ராயல் ஆகிய இடங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியில் அரசுப் பள்ளிகள் 1959ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை ஐந்தாண்டுகள் மூடிக் கிடந்தன.

திருப்புமுனையாக அமைந்தது 1968ஆம் ஆண்டு மே மாதம் வந்த கிரீன் வழக்கின் தீர்ப்பு. வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டியிலிருந்து எழுந்த இவ்வழக்கை நடத்திய வழக்கறிஞர்களுள் முதன்மையானவர் சாமுவேல் டக்கர். அலெக்சாந்திரியாவில் பிறந்த இவர், 1939ஆம் ஆண்டு அந்நகரின் பொது நூலகத்தில் கறுப்பினத்தவர் அமர்ந்து படிக்கும் அறப்போராட்டத்தை ஒழுங்கு செய்தவர். பெற்றோர் விரும்பிய பள்ளியைத் தெரிவு செய்யலாம் என்னும் ஏற்பாடு மட்டும் போதாது எனத் தீர்ப்பளித்த நீதிமன்றம், பிரிவினையின் சுவடுகளை மாணவர், ஆசிரியர், பணியாளர், போக்குவரத்து, பாடம் சாராச் செயல்பாடுகள், கட்டட வசதிகள் ஆகிய ஆறு நிலைகளிலும் காண வேண்டும் என்றது. பயிற்றுநர் இவற்றுள் மூன்று நிலைகளில் ஒரே நேரத்தில் இடம்பெறுபவர்: அவர் ஆசிரியர், பணியாளர், பாடம் சாராச் செயல்பாட்டின் தலைவர்.

நடைமுறை வேறாக இருந்தது. 1954 முதல் 1965 வரை தென்மாநிலங்களும் எல்லை மாநிலங்களுமாகிய 17 மாநிலங்களில் 38,000க்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியரும் நிர்வாகிகளும் பதவி இழந்தனர் என்பது ஆய்வாளர்கள் பலகால் எடுத்தாளும் மதிப்பீடு. வட கரோலினாவின் ஹெண்டர்சன்வில் நகரில் கறுப்பினப் பள்ளி மூடப்பட்டபோது 24 கறுப்பின ஆசிரியருள் 8 பேருக்கே மீண்டும் பணி வழங்கப்பட்டது. 1966ஆம் ஆண்டு நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனைக் கண்டித்தது. 1971ஆம் ஆண்டு செனட் குழுவொன்று கறுப்பினத் தலைமையாசிரியர்கள் பதவியிழப்பதைக் குறித்துத் தனி விசாரணையே நடத்தியது.

1969ஆம் ஆண்டு டிசம்பரில் ஐந்தாம் வட்டார நீதிமன்றம் சிங்கிள்டன் வழக்கில் அளித்த தீர்ப்பு பதவியிறக்கம் என்னும் சொல்லுக்கு வரையறை தந்தது. குறைந்த ஊதியம் மட்டுமன்றிக் குறைந்த பொறுப்பும் பதவியிறக்கமே என்றும், ஆட்குறைப்பு நடுநிலையான அளவுகோல்களின்படியே நடைபெற வேண்டும் என்றும் அது கூறியது. தலைமைப் பயிற்றுநரை உதவியாளராக்கும் வழக்கத்தை எதிர்ப்பதற்கு இவ்வரையறை பயன்படக்கூடியதாக இருந்தது. ஆனால் வர்ஜீனியாவும் வட கரோலினாவும் அந்த வட்டாரத்துக்கு உட்பட்டவையல்ல. மேலும், வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு, 1972ஆம் ஆண்டு திருத்தப்படும் வரை அரசுப் பள்ளிகளுக்குப் பொருந்தவில்லை. இணைப்பின் பெரும்பகுதி நடந்து முடிந்த பின்னரே அப்பாதுகாப்பு வந்தது.

5. வில்லியம்ஸ்டன் முதல் அலெக்சாந்திரியா வரை

ஹெர்மன் பூன் 1935ஆம் ஆண்டு வட கரோலினாவின் ராக்கி மவுண்டில் பிறந்தவர். 1960களில் அம்மாநிலத்தின் வில்லியம்ஸ்டன் ஊரிலிருந்த இ.ஜே. ஹேய்ஸ் என்னும் கறுப்பினப் பள்ளியில் ஒன்பது பருவங்கள் தலைமைப் பயிற்றுநராக இருந்து 99 வெற்றிகளையும் 8 தோல்விகளையும் கண்டார். வில்லியம்ஸ்டன் 1963ஆம் ஆண்டிலேயே குடியுரிமைப் பேரணிகள் பல நாள் தொடர்ந்து நடந்த ஊர். அங்குப் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது, கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர் ஒருவரை ஏற்க ஊர் ஆயத்தமாக இல்லை எனத் தமக்குச் சொல்லப்பட்டதாகப் பூன் பிற்காலத்தில் பலமுறை குறிப்பிட்டார். இணைந்த பள்ளியில் உதவியாளராகத் தொடர மறுத்து, 1969ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவின் டி.சி. வில்லியம்ஸ் பள்ளிக்கு வந்தார். அங்கும் அவருக்குக் கிடைத்தது உதவிப் பயிற்றுநர் பதவியே.

அலெக்சாந்திரியாவில் 1959ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒன்பது கறுப்பின மாணவர் வெள்ளையினப் பள்ளிகளில் நுழைந்தனர். 1965ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டி.சி. வில்லியம்ஸ் பள்ளியில் தொடக்கம் முதலே இரு இனத்தவரும் பயின்றனர். ஆயினும் பிரிவினையை ஆதரித்த கல்வி அலுவலர் ஒருவரின் பெயரே அப்பள்ளிக்கு இடப்பட்டிருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன், ஃபிரான்சிஸ் ஹாமண்ட், டி.சி. வில்லியம்ஸ் ஆகிய மூன்று உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே இனச் சமநிலை இல்லை. 1970ஆம் ஆண்டு மே மாதம் கறுப்பின இளைஞர் ஒருவர் கடை மேலாளரால் சுடப்பட்டு இறந்ததையடுத்து நகரில் பல நாட்கள் கலவரம் நிகழ்ந்தது. இந்தச் சூழலில் 1971ஆம் ஆண்டு நகரின் 11, 12ஆம் வகுப்பு மாணவர் அனைவரையும் டி.சி. வில்லியம்ஸ் பள்ளியில் சேர்ப்பதென்றும், மற்ற இரு பள்ளிகளும் 9, 10ஆம் வகுப்புகளை மட்டும் நடத்துவதென்றும் முடிவாயிற்று.

6. ஒரு பதவி, இரு உரிமையாளர்

மூன்று பள்ளிகளின் மூத்த ஆட்டக்காரர்கள் ஓரணியானபோது, மூன்று அணிகளின் பயிற்றுநர்களும் ஒரு குழுவுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. தலைமைப் பதவிக்கு உரியவராகப் பலராலும் கருதப்பட்டவர் ஹாமண்ட் பள்ளியின் தலைமைப் பயிற்றுநர் பில் யோஸ்ட். 1924ஆம் ஆண்டு அலபாமாவின் ஃபிளாரன்ஸில் பிறந்த அவர் ஆட்டக்காரரிடையே நன்மதிப்புப் பெற்றவர். அந்நகரில் பணிமூப்பும் உடையவர். பள்ளி நிர்வாகம் பூனைத் தேர்ந்தெடுத்தது. யோஸ்ட் அவருக்குக் கீழே உதவிப் பயிற்றுநராகப் பணியாற்ற இசைந்து, தற்காப்புப் பிரிவின் பொறுப்பை ஏற்றார்.

இம்முடிவைப் பணிமூப்பு மீறப்பட்ட நிகழ்வாகச் சிலரும், காலங்கடந்த நீதியாகச் சிலரும் கண்டனர். இரண்டு பார்வைகளிலும் ஒரு கூறு விடுபடுகிறது. பணிமூப்பு வெளித்தோற்றத்தில் இனம் சாராத அளவுகோல். ஆனால் அது குறிப்பிட்ட ஒரு பள்ளி மாவட்டத்தில் செலவிட்ட ஆண்டுகளையே கணக்கிடுகிறது. வில்லியம்ஸ்டனில் பூன் தலைமை தாங்கிய ஒன்பது பருவங்கள் அலெக்சாந்திரியாவின் பணிமூப்புக் கணக்கில் சேரா. அவர் அங்கே புதியவராக நின்றதற்குக் காரணம், முந்தைய ஊரில் இனத்தின் பெயரால் பதவி மறுக்கப்பட்டதே. ஆகவே பணிமூப்பை மட்டும் கொண்டு முடிவெடுத்திருந்தால், ஓர் ஊரில் இழைக்கப்பட்ட பாகுபாடு மற்றோர் ஊரில் நடுநிலை விதியாக உருமாறியிருக்கும். இணைப்புக் காலத்தில் ஊர்விட்டு ஊர் சென்ற கறுப்பின ஆசிரியர் பலருக்கும் இது பொருந்தும்.

யோஸ்டுக்கு நேர்ந்த இழப்பையும் சிறிதாக்க இயலாது. சிங்கிள்டன் தீர்ப்பின் வரையறைப்படி பார்த்தால், தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் உதவியாளராவது பதவியிறக்கமே. ஒரே பதவிக்குத் தகுதியுள்ள இருவர் இருக்கும்போது ஒருவர் இறங்கியே ஆக வேண்டும். பிற ஊர்களுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உள்ளது. பிற ஊர்களில் யார் இறங்குவது என்பது வினாவாகவே எழவில்லை. கறுப்பினப் பயிற்றுநர் இறங்குவது இயல்பென்று கொள்ளப்பட்டது. அலெக்சாந்திரியாவில் அது வினாவாயிற்று. அவ்வாறு வினாவானதாலேயே அதன் வலியும் வெளிப்படையாகத் தெரிந்தது.

7. 1971 பருவம்

பருவத்துக்கு முன் அணி பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் கல்லூரியில் தங்கிப் பயிற்சி பெற்றது. அதன்பின் ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்றது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் எதிரணி ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. யோஸ்டின் தற்காப்புப் பிரிவு எத்தகையது என்பதற்கு இதுவே சான்று. டிசம்பர் 4 அன்று ரோனோக் நகரின் விக்டரி அரங்கில் நடைபெற்ற மாநில இறுதியாட்டத்தில் சேலம் நகரின் ஆண்ட்ரூ லூயிஸ் பள்ளியை 27–0 என்னும் கணக்கில் வென்றது.

இவ்வெற்றிக்கு இன நல்லிணக்கத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. மூன்று பள்ளிகளின் மூத்த ஆட்டக்காரர் ஓரணியில் திரண்டமை மாநிலத்தின் பிற பள்ளிகளுக்கு வாய்க்காத ஆள்வளத்தைத் தந்தது. அதேபோல, தனித்தனிப் பள்ளிகளில் தலைமை தாங்கிய பட்டறிவுடையோர் இருவர் ஒரே குழுவில் இருந்தனர். கண்டிப்பு மிக்கவராகப் பூனும் அமைதியானவராக யோஸ்டும் நினைவுகூரப்படுகின்றனர். தாக்குதல், தற்காப்பு என்னும் இயல்பான வேலைப் பிரிவினை, தலைமைப் பதவி ஒன்றாயினும் அதிகாரத்தை ஓரளவு பகிர்ந்துகொள்ள இடமளித்தது. உதவியாளருக்கும் தனக்கென ஓர் ஆட்சி எல்லை இருந்ததனால் யோஸ்டின் இசைவு நிலைத்திருக்க முடிந்தது எனலாம்.

8. திரைப்படமும் வரலாறும்

2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரிமெம்பர் தி டைட்டன்ஸ்’ என்னும் திரைப்படம் இவ்வணியை உலகறியச் செய்தது. போவாஸ் யாக்கின் இயக்கிய இப்படத்தில் டென்சல் வாஷிங்டன் பூனாகவும் வில் பேட்டன் யோஸ்டாகவும் நடித்தனர். படம் பல செய்திகளை மாற்றியுள்ளது. பள்ளியில் 1965ஆம் ஆண்டு முதலே இரு இனத்தவரும் பயின்றிருக்க, 1971ஆம் ஆண்டில்தான் இணைப்புத் தொடங்கியதாகக் காட்டுகிறது. எளிதில் வென்ற இறுதியாட்டம் கடைசி நொடி வரை நீளும் போராட்டமாகிறது. தற்காப்பு வீரர் கெரி பெர்டியரைச் செயலிழக்கச் செய்த சாலை விபத்து, பருவம் முடிந்தபின் டிசம்பர் 11 அன்று நிகழ்ந்தது. படத்தில் அது இறுதியாட்டத்துக்கு முன்னரே நிகழ்கிறது.

இவற்றைவிட ஆழமான மாற்றம் சட்டகத்தில் உள்ளது. படத்தின் முதன்மைக் கதை அலெக்சாந்திரியாவிலேயே நிகழ்கிறது. வில்லியம்ஸ்டனில் அவர் இழந்த பதவியோ, பார்க்கர்-கிரே பள்ளியின் மறைவோ கதையின் பொருளாகவில்லை. இதனால் பார்வையாளர் காண்பது வெள்ளையினப் பயிற்றுநர் ஒருவர் பதவி இழந்து பெருந்தன்மையுடன் அதனை ஏற்கும் காட்சி. அக்காலத்தில் பெருந்தொகையாக நிகழ்ந்தது அதன் எதிர்மறை. விதிவிலக்கு விதியின் இடத்தைப் பொதுநினைவில் பிடித்துக்கொண்டது.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஆட்டக்காரரின் இணைப்பும் பயிற்றுநரின் இணைப்பும் ஒரே வேகத்தில் நிகழவில்லை. கறுப்பின இளைஞரின் ஆற்றல் இணைந்த அணிக்குத் தேவைப்பட்டது; கறுப்பின ஆசிரியரின் தலைமை தேவையற்றதாகக் கருதப்பட்டது. இரண்டாவதாக, இணைப்பு என்பது பெரும்பாலும் கறுப்பினப் பள்ளி மூடப்பட்டு அதன் மாணவர் மட்டும் இடம்பெயர்வதாக நடந்ததால், அப்பள்ளிகள் வளர்த்த பயிற்று மரபு வாரிசின்றிப் போயிற்று. மூன்றாவதாக, பணிமூப்பு போன்ற விதிகள் நடுநிலையானவையா என்பதை அவ்விதியின் சொற்களைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. அவ்விதிக்கு முன் நிற்பவர் எவ்வழியாக அங்கு வந்து சேர்ந்தார் என்பதையும் காண வேண்டும்.

பூன் 1979ஆம் ஆண்டு வரை டி.சி. வில்லியம்ஸ் பள்ளியின் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். அவரும் யோஸ்டும் 2019ஆம் ஆண்டில், யோஸ்ட் மே மாதத்திலும் பூன் டிசம்பரிலுமாக, மறைந்தனர். 2021ஆம் ஆண்டு பள்ளியின் பெயர் அலெக்சாந்திரியா நகர உயர்நிலைப் பள்ளி என மாற்றப்பட்டது. பிரிவினையை ஆதரித்தவரின் பெயர் நீங்க ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆயின. இணைப்பின்போது தலைமைப் பதவி இழந்து, வேறு ஊரில் அதனை மீளப் பெறாமலே ஓய்வுபெற்ற பயிற்றுநர்களின் வரலாறு ஊர்வாரியாக இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. பள்ளி வாரியக் கூட்டப் பதிவுகள், துணை ஒப்பந்தங்கள், மூடப்பட்ட பள்ளிகளின் ஆண்டு மலர்கள், முன்னாள் மாணவரின் வாய்மொழி வழக்காறுகள் ஆகியவை அதற்குரிய மூலங்களாகும்.